தாடை வலியோடு வருபவரின் பல்லில் கை வைப்பதற்கு முன்

தாடை வலிக்கிறது என்று ஒருவர் வந்து உட்கார்ந்ததும் பல் டாக்டர்களாகிய நம் கண் நேராகப் பல்லுக்குத்தான் போகும். பல்லைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கன்னத்தில் இருக்கும் மெல்லும் தசையான மாசெட்டரின் வலி கடைவாய்ப் பல்லில் தெரியும், அதை நம்பி நல்ல பல்லுக்கு ரூட் கேனல் செய்துவிட்டால் பல்லின் உயிர் போகும், வலி அப்படியே இருக்கும்.

முதலில் ஆபத்தானவற்றைக் கேட்டு விலக்குங்கள். வயது 50-க்கு மேல், உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, பார்வையில் ஏதோ மாற்றம் என்றால் அது ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸாக (தலையின் ரத்தக்குழாய் அழற்சி) இருக்கலாம். பார்வையே பறிபோகும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். நடந்தால் வந்து, நின்றால் போகும் தாடை வலி இதயத்திலிருந்து வரலாம். உதடு மரத்துப்போவது, ஆறாத புண், வாய்த்திறப்பு வாரா வாரம் குறைந்துகொண்டே போவது, இவற்றில் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை விடக்கூடாது.

அப்புறம் கையால் பரிசோதனை. தாடை மூட்டு, தசைக் கோளாறுகளைக் கண்டறிய 2014-இல் வந்த டிசி/டிஎம்டி அளவுகோல் இதை நன்றாக எளிமையாக்கியிருக்கிறது: மாசெட்டர், டெம்போராலிஸ் (நெற்றிப்பொட்டுத் தசை) ஆகிய தசைகளில் 1 கிலோ அழுத்தம், தாடை மூட்டின் பக்கவாட்டு முனையில் அரை கிலோ. ஒரு சின்னத் தராசில் விரலை அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அழுத்தும்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, "நீங்கள் சொன்ன வலி இதுதானா?" என்று கேளுங்கள். அழுத்தினால் யாருக்கும் வலிக்கலாம், "ஆமாம், இதேதான்" என்கிற பதில்தான் நோயைக் காட்டும். வாய்த்திறப்பை ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள். முன்பற்களின் மேற்கவிவையும் (மேல் பல் கீழ்ப் பல்லை மூடும் அளவு) சேர்த்து, நீங்கள் விரலால் உதவித் திறந்தும் 40 மி.மீ. வரவில்லை, சாப்பிட முடியாமல் தாடை மாட்டிக்கொள்கிறது என்றால் மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற மூட்டுத்தட்டு விலகியிருக்க வாய்ப்புண்டு. வலியில்லாத வெறும் 'க்ளிக்' சத்தத்துக்குச் சிகிச்சையே வேண்டாம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

சரி, சிகிச்சை. நாள்பட்ட வலிக்கு 2023-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைப்பவை எல்லாம் எளிமையானவை: நோயைப் புரியவைத்துத் தைரியம் சொல்வது, வீட்டிலேயே தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் நீட்சிப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சை). உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், இதை நாள் முழுக்க நினைவில் வைக்கச் சொல்லுங்கள். நம் கை உடனே தேடும் ஸ்பிளிண்டை (பற்களின் மேல் மாட்டும் உறை), கழற்றி மாட்டும் வகையைக்கூட, அந்த வழிகாட்டுதல் பெரும்பாலானோருக்கு வேண்டாம் என்கிறது. கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை, நிரந்தரமாக மாற்றும் வகையைக் கூடவே கூடாது என்கிறது. இரவில் பல் கடிப்பவரின் பல் தேயாமல் காக்க ஸ்பிளிண்ட் கொடுப்பது வேறு விஷயம், அதை வலிக்கு மருந்து என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வலியைத் தீர்க்கிறேன் என்று கடியைத் தேய்த்துச் சரிசெய்வதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். அதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை, தேய்த்த எனாமல் திரும்ப வளராது.

மறுமுறை வரும்போது அதே ஸ்கேல், அதே விரல் அழுத்தம், பழைய அளவோடு ஒப்பிடுங்கள். வலி மூன்று மாதம் தாண்டி, தூக்கமும் மனமும் கெட்டிருந்தால் முகவலி நிபுணரிடமோ மனநல ஆலோசகரிடமோ சீக்கிரம் அனுப்புங்கள். அனுப்பும்போது, "வலி உண்மைதான், அதைத் தாங்கித் தாங்கி நரம்புகள் வலியை அதிகமாக உணரும்படி கூர்மையாகிவிட்டன, அதற்கும் சேர்த்துத்தான் இந்தச் சிகிச்சை" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் 'எல்லாம் உன் கற்பனை' என்று நீங்கள் சொன்னதாகத்தான் அவர் காதில் விழும்.