உப்பு இஞ்சினைத் தின்பது கரைக்கு வந்த பிறகுதான்

மழை ஓய்ந்து கடல் தணிந்ததும் மும்பையில் செம்பூர், சயன், தாராவிப் பக்கம் நம் பையன்கள் நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்குகிறார்கள். மனோரி கிரீக்கில் (கடற்கழியில்) கொடுவா, காலா மீன்கள் பிடிக்க ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. லைஃப் ஜாக்கெட் போடுவது, தனியாகப் போகாமல் இருப்பது எல்லாம் தெரிந்த விஷயம். அதை இங்கே எழுதவில்லை.

இஞ்சினை வெளியே மட்டும் கழுவுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இஞ்சின் சூடு தணியக் கடல் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் சுழலும் ரப்பர் இம்பெல்லர் அந்தத் தண்ணீரைச் சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகலான வழிகளில் ஏற்றுகிறது. இஞ்சினை அணைத்ததும் பெரும்பகுதி வடிந்துவிடும். மிச்ச ஈரம் காய்ந்து உப்பாகப் படியும். நம் கிரீக்கில் சேறும் கூடவே ஏறுவதால் இரண்டும் சேர்ந்து இறுகிவிடும்.

தாராவித் தம்பி ஒருவர் ஒவ்வொரு முறையும் மேல்மூடியை ஷாம்பூ போட்டுத் துடைப்பார். "புதுசு மாதிரி இருக்கு பாருங்கண்ணே" என்பார். உள்ளே நல்ல தண்ணீர் ஓட்டச் சொன்னால், "அடுத்த தடவை பாத்துக்கலாம்ணே." மழைக்காலம் முழுக்க இஞ்சின் அப்படியே கிடந்தது. அக்டோபரில் கிளப்பியபோது பின்னால் பீச்ச வேண்டிய தண்ணீர் நூலாக ஒழுகியது. அதையும் பொருட்படுத்தாமல் கிளம்பிவிட்டார். பாதி வழியில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. ஒரு கோலி மீனவர் கயிறு கட்டி மார்வே கரை வரை இழுத்து வந்தார். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றப் போனால் போல்ட்டுகள் அரித்து உடைந்தன, உள்ளே வழிகள் சுவர் பூசினாற்போல் அடைத்திருந்தன. மெக்கானிக் சொன்ன தொகை, அவர் அந்த இஞ்சினை வாங்கிய விலையைத் தாண்டியது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல், குழாயோடு இணையும் ரப்பர் மூடியை (மஃப்) மாட்டி, முதலில் குழாயைத் திறங்கள். அப்புறம்தான் ஸ்டார்ட். நியூட்ரலில், ஐடிலில் 10 முதல் 15 நிமிடம் ஓடட்டும். இஞ்சின் சூடானால்தான் தெர்மோஸ்டாட் திறக்கும், அதன் பின்னால் இருக்கும் வழிகளுக்கும் நல்ல தண்ணீர் போகும். இரண்டு நிமிடத்தில் அணைத்தால் பாதி இடம் கழுவப்படாமலே நிற்கும். காத்தாடி (புரொப்பெல்லர்) பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

குழாய் இல்லையா? சின்ன இஞ்சினை, துளைகள் மூழ்கும்படி ஒரு டிரம் தண்ணீரில் இறக்கி ஓட்டலாம். தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் ஊர்தான் மும்பை, எனக்கும் தெரியும். ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஓதத்தின் நேரத்தை மட்டும் பார்ப்பது

கடல் ஏறி இறங்கும் உயரத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். காலையில் மிதந்து போன வாய்க்கால் மதியம் சேறாகிவிடும். அடுத்த ஏற்றம் வரும்வரை நடுச் சேற்றில் வெயிலில் உட்கார வேண்டியதுதான்.

தூண்டில் ரீலைப் பீய்ச்சிக் கழுவுவது

வேகத் தண்ணீர் உப்பை பேரிங்குக்குள் தள்ளும். டிராகை (நரம்பு ஓடும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் திருகை) இறுக்கிவிட்டு மெல்லத் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். காய்ந்ததும் டிராகைத் தளர்த்தி வையுங்கள்.

இஞ்சினில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ட் அடிப்பது

அடிக்காதீர்கள். இஞ்சினுக்குப் பதிலாக அரிபடத்தான் அது இருக்கிறது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

காத்தாடியில் சுற்றிய நரம்பை விடுவது

அறுந்த தூண்டில் நரம்பு ஷாஃப்டில் சுற்றி ஆயில் சீலை அறுக்கும், கியர் ஆயிலில் தண்ணீர் இறங்கும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அவ்வப்போது காத்தாடியைக் கழற்றிப் பாருங்கள்.

கெளுத்தியை வெறுங்கையால் கழற்றுவது

குறடு எடுங்கள்.

மழைக்காலத்துக்கு டேங்கில் பெட்ரோலை விட்டுவைப்பது

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும், இஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை. மே கடைசியிலேயே டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் உள்ள இஞ்சினாக இருந்தால் அதையும் வடித்துவிட்டு, இஞ்சினை நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.