குதிரைப் பந்தய நாளைப் பிசகின்றி நடத்துவது எப்படி: பிரிட்டிஷ் நடைமுறை

பிரிட்டனில் 2007 முதல் குதிரைப் பந்தயங்களைப் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் ஒழுங்குபடுத்துகிறது. அங்கே பின்பற்றப்படும் நடைமுறையைக் கவனித்தால், குதிரையின் காலைக் காப்பதற்கும் பணம் கட்டியவரை ஏமாறாமல் காப்பதற்கும் பெரும்பாலும் ஒரே சோதனையே உதவுவதைக் காணலாம்.

முதல் வேலை தரையைப் பார்ப்பது. தடப் பொறுப்பாளர் காலையிலேயே தடம் முழுவதும் நடந்து, ‘கோயிங் ஸ்டிக்’ என்னும் கருவியைப் புல்தரையில் குத்தி, பிறகு அதைச் சாய்த்து இழுத்து, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு தாங்குகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். தரை கெட்டியாகிவிட்டால் குளம்பும் மூட்டும் அடிபடும் என்பதால், மிகக் கெட்டியான தரையில் தடை தாண்டும் பந்தயங்களை நடத்த அனுமதியில்லை. காய்ந்த தரைக்கு நீர் பாய்ச்சும்போது எல்லா இடத்துக்கும் சீராகப் பாய்ச்ச வேண்டும். ஒரு ஓரம் மட்டும் ஈரமாக இருந்தால் அந்தப் பக்கம் ஓடும் குதிரைக்கு அது அநியாயமாகிவிடும்.

அடுத்து, வந்திருப்பது அந்தக் குதிரைதானா என்று உறுதிசெய்ய வேண்டும். குதிரையின் கழுத்தில் பதித்த மைக்ரோசிப்பை லாயத்துக்குள் நுழையும்போது ஸ்கேன் செய்தால் போதும் என்றே முன்பு கருதினார்கள். 2017 ஜூலையில் கிரேட் யார்மவுத் மைதானத்தில், இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் மூன்று வயதுக் குதிரை ஒன்று ஆள்மாறி ஓடி ஜெயித்தது. முடிவு அறிவிக்கப்பட்ட பிறகே அது தெரியவந்தது. அதன் பின் லாயத்திலிருந்து பந்தயத்துக்குப் புறப்படும்போதும் ஸ்கேன் செய்கிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஜாக்கி தன் சேணத்துடன் தராசில் ஏறி, குதிரை சுமக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட எடை சரியாக இருக்கிறதா என்று காட்ட வேண்டும். பரிசு பெறும் இடங்களில் வந்த ஜாக்கிகள் பந்தயம் முடிந்ததும் மறுபடி எடை பார்த்துக்கொள்ள வேண்டும்; தராசுப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்ட பிறகே முடிவு உறுதியாகும்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் தேவைப்படுவது புறப்பாடு. 1993 ஏப்ரலில் எயின்ட்ரீ மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனல் என்னும் தடை தாண்டும் பந்தயத்தில், குதிரைகளுக்கு முன்னே குறுக்காகக் கட்டும் புறப்பாட்டு நாடா ஒரு ஜாக்கியின் கழுத்தில் சுற்றிக்கொண்டது. புறப்பாட்டு அதிகாரி திரும்பி வருமாறு காட்டிய கொடி சரியாக விரியவில்லை. அதனால், 39 பேரில் 30 பேர் செய்தி தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஏழு பேர் பந்தயத்தை ஓடியே முடித்தார்கள். பந்தயம் செல்லாது என்று அறிவிக்க நேர்ந்தது. ஆகவே, புறப்பாட்டைக் கவனிப்பவர் ஒரு கொடியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தடத்தில் முன்னே நிற்கும் கொடிக்காரர்களுடன் பேசிப் பார்த்து, அவர்கள் எல்லோரும் தயார் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே குதிரைகளை விட வேண்டும்.

ஓட்டத்தின்போது ஆம்புலன்ஸும் கால்நடை மருத்துவரும் பின்தொடர்கிறார்கள். தடை தாண்டும் பந்தயத்தில் ஒரு தடையருகே குதிரையோ ஜாக்கியோ விழுந்து கிடந்தால், அடுத்த சுற்றில் அந்தத் தடையை எல்லோரும் விலகிச் செல்லும்படி குறிப்பலகை வைத்து, கொடியசைத்து எச்சரிக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு சுற்றுக்கான நேரமே கிடைக்கிறது என்பதால், யார் பலகையை எடுக்க வேண்டும், யார் கொடியைப் பிடிக்க வேண்டும் என்பதை முன்னதாகவே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு குதிரை மற்றொன்றின் வழியை மறித்திருந்தால், பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் நேரெதிரேயும் பக்கவாட்டிலும் எடுத்த வீடியோக்களைப் பார்த்து, ஜாக்கிகளிடம் நேரில் விசாரிக்கிறார்கள். மறிக்கப்படாதிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை முந்தியிருக்குமா என்பதே அவர்கள் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. சவுக்கு விதி 2023இல் கடுமையானது: தடைகளில்லாத சமதளப் பந்தயத்தில் ஆறு முறையும், தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு முறையும் மட்டுமே பயன்படுத்தலாம், வரம்பை நான்கு அல்லது அதற்கு மேல் தாண்டினால் குதிரையே தகுதியிழக்கும். ஜாக்கிக்கு மட்டும் தண்டனை என்றிருந்த நிலையை விட இது நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். உரிமையாளரும் பயிற்சியாளரும் இப்போது ஜாக்கியைக் கட்டுப்படுத்துவார்கள்.

கடைசியாக, ஸ்டூவர்டுகள் தேர்ந்தெடுக்கும் குதிரைகளிடமிருந்து சிறுநீரோ ரத்தமோ எடுக்கப்படுகிறது. மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு, முதல் பகுதியில் தடைசெய்யப்பட்ட மருந்து தென்பட்டால் குதிரைத் தரப்பினர் இரண்டாம் பகுதியைச் சோதிக்கக் கோரும் வகையில் பாதுகாத்து வைக்க வேண்டும்.