பெடோமீட்டர் வாங்கும் முன் நூறு அடி நடந்து பாருங்கள்

பெடோமீட்டர் என்றால் நடக்கும் அடிகளை எண்ணும் கருவி. கலோரி, தூரம், வேகம் என்று அதன் அட்டைப்பெட்டியில் என்னென்னவோ போட்டிருக்கும். அதெல்லாம் அப்புறம். நீங்கள் நடக்கிற நடையை அது சரியாக எண்ணுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. (இங்கே அடி என்றால் காலடி, ஸ்கேலில் இருக்கிற அடி இல்லை.)

1. முதலில் உங்கள் போனைப் பாருங்கள். அடி எண்ணும் வசதி அதிலேயே இருக்கலாம். நடக்கும்போதெல்லாம் போன் பையில் இருக்கும் என்றால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

2. எங்கே மாட்டுவது? இடுப்பில் கிளிப் போட்டு மாட்டுவதுதான் என் கட்சி. மணிக்கட்டில் கட்டுவது வசதிதான். ஆனால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை ஆடாது, கணக்கு குறையும். உட்கார்ந்தபடி கையை ஆட்டிப் பேசினால் கூடவும் செய்யும்.

3. குலுக்கிப் பாருங்கள். உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அது ஸ்பிரிங் வகை. அது நேராக நின்றால்தான் எண்ணும். தொப்பை தள்ளிச் சாய்ந்தாலே கணக்கு தப்பிவிடும். மூன்று திசை அசைவையும் உணரும் சென்சார் இருப்பதை எடுத்தால் பைக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம்.

4. இனி நூறு அடி சோதனை. கருவியில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி நூறு அடி நடங்கள். நின்றதும் பாருங்கள். 97 முதல் 103 வரை கூடியிருந்தால் சரி. 80தான் கூடியிருந்தால் மாட்டிய இடத்தை மாற்றி இன்னொரு முறை நடங்கள். முதல் சில அடிகளில் எண் நகராமல் இருந்தால் பதற வேண்டாம். தொடர்ந்து நடக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, விட்டதையும் சேர்த்துக் காட்டும் கருவிகள் உண்டு. அப்புறம் மெதுவாக ஒரு நூறு. பல கருவிகள் கோட்டைவிடுவது இங்கேதான். வயதானவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அவர்களையே நடக்கவிட்டுப் பாருங்கள்.

5. தூரமும் தெரிய வேண்டுமா? பத்து அடி நடந்து, அந்த நீளத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். 6.5 மீட்டர் வந்தால் உங்கள் ஓர் அடி 65 செ.மீ. அதைக் கருவியில் பதியுங்கள். அங்கே ஏற்கெனவே 70 என்று இருப்பதை அப்படியே விட்டுவைத்தால், 6,000 அடிக்கு 3.9 கி.மீ. நடந்த உங்களுக்கு 4.2 என்று காட்டிக் குஷிப்படுத்தும்.

6. ரீசெட் பட்டன் எளிதில் அழுந்தாததாக இருக்கட்டும். குனிந்து செருப்பு வாரை மாட்டியபோது என் ஒரு நாள் கணக்கு அப்படித்தான் பூஜ்யமானது. நள்ளிரவில் தானே பூஜ்யத்துக்கு வந்து, முந்தைய ஏழு நாள் கணக்கையும் வைத்திருக்கும் கருவி கிடைத்தால் நல்லது.

சரி, வாங்கியாயிற்று. உடனே தினம் பத்தாயிரம் அடி என்ற இலக்கைத் துரத்தாதீர்கள். அந்த எண் பரவியது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரால். 'மான்போ-கெய்' என்றால் 'பத்தாயிரம் அடி மீட்டர்'. மருத்துவர் எழுதித் தந்த அளவு இல்லை. முதல் வாரம் வழக்கம்போல நடந்து, தினக் கணக்கைக் குறித்து வாருங்கள். சராசரி 3,500 என்றால் அடுத்த வாரம் 4,000.