மறதிப் பரிசோதனை பற்றித் தகவல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயர்களை மறக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் இணையத்தில் தேடுவது இயல்பே. ஆனால், பத்துக் கேள்விகளுக்கு விடையளித்தால் டிமென்ஷியா என்னும் மறதிநோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவதாகக் கூறும் தேர்வுகளை நம்பி முடிவெடுப்பது பெரும் தவறு.

மருத்துவர்கள் கையாளும் சோதனைகளே தனித்து நின்று நோயை உறுதிசெய்வதில்லை. 1975இல் வந்த எம்எம்எஸ்இ, 2005இல் வந்த மோகா ஆகிய நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகள் இரண்டும் 30 மதிப்பெண் கொண்டவை. மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்று காட்டுவதே அவற்றின் பணி. பள்ளிப் படிப்புக் குறைந்தவர்களுக்கு இவற்றில் மதிப்பெண்ணும் குறைந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அத்தையிடம் கனசதுரம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார்கள்; நான்கு கோடுகளை இழுத்துவிட்டு, "இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று காலையில்தான் பால்காரரின் மாதக் கணக்கை மனத்திலேயே கூட்டி, சில்லறை பிசகாமல் எண்ணிக் கொடுத்திருந்தார். எனவே, மதிப்பெண்ணைக் கண்டு கலங்குமுன், அந்தச் சோதனை எந்த மொழியில், எத்தகைய படிப்புள்ளவர்களுக்காகத் தரப்படுத்தப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். எம்எம்எஸ்இயை எழுத்தறியாதவர்களுக்கும் ஏற்றவாறு இந்தியில் மாற்றியமைத்ததும் இக்காரணத்தால்தான்.

மறதி என்றாலே டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பல சரிசெய்யக்கூடியவை. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால், தேடிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் இதே அளவுக்கு ஆபத்தானது. முப்பது ஆண்டுகளாக வைத்த ரசத்தின் பக்குவம் கைவிட்டுப் போவதும், பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பதும் முதுமையின் இயல்பு அல்ல.

நினைவாற்றலை மீட்பதாக விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றி விற்பவரே எழுதியதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஜிங்கோ என்ற மூலிகை மருந்து டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்பதை, 3,000க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடத்தி 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான பெங்களூரு நிமான்ஸ், மனநலத் தொண்டு நிறுவனமான சென்னையின் ஸ்கார்ப், 1992 முதல் இயங்கும் இந்திய அல்சைமர் சங்கமான ஏஆர்டிஎஸ்ஐ ஆகியவை தரும் தகவல்களிலிருந்து தொடங்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது இணையத்தில் பெற்ற மதிப்பெண்ணைவிட, மாற்றம் எந்த மாதத்தில் தொடங்கியது, எந்த வேலை தடுமாறுகிறது, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்று எழுதிய ஒரு தாளே அவருக்கு அதிகம் உதவும்.