பன்னீர் காய்ச்சும் குக்கரில் அந்தக் குழாயை மாட்டாதீர்கள்

போன வாரம் வேளச்சேரியில் ஒரு நண்பர், வீட்டிலேயே ரோஜாவிலிருந்து பன்னீர் வடிப்பதாகக் கூப்பிட்டிருந்தார். அடுப்பில் குக்கர். வெயிட் இருந்த இடத்தில், ஆவியை வெளியே கொண்டுபோய்க் குளிர வைக்க, வழுவழுப்பான பிளாஸ்டிக் டியூப். எட்டு வருடத்துக்கு முன்னால் என் சமையலறையில் இருந்த அதே கோலம். வணக்கம்கூடச் சொல்லாமல் போய் அடுப்பை அணைத்தேன்.

டியூப்

கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப், மீன்தொட்டி டியூப் எல்லாம் பெரும்பாலும் பிவிசி. பச்சைத் தண்ணீருக்கு நல்ல பொருள்தான். நீராவியின் 100 டிகிரிச் சூட்டில் தொளதொளத்துவிடும். அதை வளையவைக்கச் சேர்த்த ரசாயனமும் ஆவியோடு இறங்கும். பூவின் எண்ணெய் அதை நன்றாகவே கரைத்து எடுக்கும். கோயம்பேட்டில் விடிகாலையில் பேரம் பேசி வாங்கிய மூன்று கிலோ ரோஜா, எனக்குப் புது ரெயின்கோட் வாசனையில் வடிந்தது. சரி, டியூபைக் கழுவினால் போகும் என்று மறுநாள் இன்னும் இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் எல்லாருக்கும் அது இன்றும் சிரிப்பு. எனக்கு இன்னும் வரவில்லை.

ஏனென்றால் அந்த இரண்டாம் நாள்தான் டியூப் இளகி மடங்கி அடைத்துக்கொண்டது. கழன்றுவிடக் கூடாதென்று கிளிப் வேறு போட்டு இறுக்கியிருந்தேன். ஆவிக்கு வேறு வழியில்லை. சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு திறந்தது. இதழ்கள் கூரையில் ஒட்டின. வால்வும் அடைத்திருந்தால் மூடியே பறந்திருக்கும்.

கடைக்காரர் "ஃபுட் கிரேடு சார்" என்பார். எத்தனை டிகிரி வரை என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். ஆவி போகும் பாதை கண்ணாடியாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். இணைப்பில் மட்டும் ஓரங்குலம் சிலிகான் போதும். அது 200 டிகிரி வரை தாங்கும், ஆனால் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரோஜாவுக்கு ஒன்று, வெட்டிவேருக்கு ஒன்று.

ஊறுகாய் பாட்டில்

அது சாதாரணக் கண்ணாடி. சூட்டில் போரோசிலிகேட்டைவிட (சூடு தாங்கும் லேப் கண்ணாடி) கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும், அப்புறம் விரிசல்தான். லேப் சாமான் கடையில் 'போரோசிலிகேட் 3.3' என்றே கேளுங்கள்.

அலுமினியம்

புளிப்பான எதற்கும் வேண்டாம்.

ஈயப் பற்று வைத்த செம்புச் சுருள்

ஆவி குளிர்ந்து இறங்கும் பாதையில் ஈயம் வேண்டவே வேண்டாம்.

குளிர வைக்கும் தண்ணீர்

மே மாத மாடித் தொட்டித் தண்ணீர் எதையும் குளிர வைக்காது. பக்கெட்டில் ஐஸ் போட்டு, மீன்தொட்டி மோட்டாரால் சுற்ற விடுங்கள். அந்த ஒரு வேலைக்கு பிவிசி டியூப் தாராளமாகப் போதும். நண்பரின் டியூப் இப்போது அங்கேதான் இருக்கிறது.