பிள்ளைகள் தலையில் பேன்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பள்ளியின் மருத்துவ அறையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கியதும், தலையைச் சொறிந்துகொண்டு ஒவ்வொரு பிள்ளையாக வர ஆரம்பிக்கும். அவர்களுடைய அம்மாக்களோடு பேசும்போதெல்லாம் எனக்குப் பழைய நினைப்பு வந்துவிடுகிறது. என் மகளுக்கு ஏழு வயதில் பேன் பிடித்தபோது நான் செய்த அதே தப்புகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

அடுத்தவர் சீப்பை எடுக்காதே, தலையோடு தலை முட்டி உட்காராதே என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

## காய்ந்த முடியில் கண்ணால் தேடுவது

பேன் குதிக்காது, பறக்காது. ஆனால் நன்றாக ஓடும். வகிடு எடுத்து வெளிச்சம் பட்டதுமே பக்கத்து முடிக்குள் போய்விடும். எள்ளளவு உடம்பு வேறு. "நல்லா பார்த்துட்டேன், ஒண்ணும் இல்லை" என்று சொல்லும் அம்மா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

முடியை நனைத்துக் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். ஈரமும் வழுவழுப்பும் சேர்ந்தால் பேனால் ஓட முடியாது. முதலில் சாதாரண சீப்பால் சிக்கெடுங்கள். அப்புறம் பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு முறை சீவுங்கள். பேன் இருந்தால், துணியில் படிந்த வெள்ளைப் பசைக்கு நடுவே பழுப்பாக ஒரு புள்ளி கிடக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் கால்கள் அசைவது தெரியும்.

அரிப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் சரியில்லை. பேனின் எச்சில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் அரிப்பு வருகிறது. முதல் தடவை பேன் பிடித்த பிள்ளைக்கு அது தொடங்க 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். அதற்குள் தலையில் ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கும்.

## ஈரைப் பேனாக்குவது

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சொல்வார்களே, அது பல வீடுகளில் அப்படியே நடக்கிறது. முடியில் வெள்ளையாக எதையோ பார்த்ததும் மருந்து வாங்க ஓடுகிறார்கள்.

பொடுகு விரலால் தள்ளினால் நகரும். ஈர் நகராது. முடியின் ஒரு பக்கத்தில் பசை வைத்து ஒட்டியது போலச் சாய்ந்து நிற்கும், நகத்தால் அழுத்தி உருவினால்தான் வரும். சரி, ஈர்தான் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் உயிர் இருக்கிறதா, வெறும் ஓடா? தலையின் சூடு வேண்டும் என்பதால் பேன் தோலை ஒட்டியே ஈர் வைக்கும், பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள். முடியோ மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் தோலிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருப்பது இரண்டு மாதத்துக்கு முந்தைய ஈர். அது பொரித்துப் போன ஓடு, அல்லது செத்தது. அதற்கு மருந்து எதுவும் வேண்டாம்.

ஒரு சிறுமிக்கு இந்த ஓடுகளைப் பார்த்துப் பார்த்தே ஒரு மாதத்தில் நான்கு தடவை மருந்து போட்டிருந்தார்கள். என்னிடம் வந்தபோது காதோரம் தோல் சிவந்து உரிந்திருந்தது. அரைமணி நேரம் சீவினேன். ஒரு பேன்கூட இல்லை.

## ஒரு தடவையோடு நிறுத்திவிடுவது

இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மகளுக்குப் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்தின் 1 சதவீத லோஷனைப் போட்டு, 10 நிமிடம் வைத்து, அலசிச் சீவினேன். வெள்ளைத் துண்டில் செத்த பேன்கள் விழுந்தன. பதினெட்டு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. நாலைந்து நாளில் அரிப்பும் அடங்கியது. பாட்டிலில் பாதி மருந்து மிச்சம் இருந்தது. மூடி அலமாரியில் வைத்துவிட்டு அதை மறந்துபோனேன்.

நான்காவது வாரம் மறுபடியும் சொறிய ஆரம்பித்தாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமிருந்துதான் தொற்றியிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு தலையைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதாங்க?" என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை. அவர் அன்று ராத்திரியே உட்கார வைத்துச் சீவியிருக்கிறார். மறுநாள் வந்து, "நல்லா பார்த்துட்டேங்க. அவ தலையில ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பழையபடி பேசவே இல்லை. பேன் வெளியிலிருந்து வரவில்லை. என் மகள் தலையில் நானே விட்டுவைத்த ஈர்தான் பொரிந்து வளர்ந்திருந்தது.

கணக்கு எளிது. பெர்மெத்ரின் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 9 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க இன்னும் 9 முதல் 12 நாள். ஆக, மருந்து போட்ட 9-ஆம் நாள் மிஞ்சிய ஈர் அநேகமாக எல்லாம் பொரிந்திருக்கும், ஆனால் எந்தக் குஞ்சும் ஈர் வைக்கும் வயதுக்கு வந்திருக்காது. அன்றைக்கு இரண்டாம் தடவை மருந்து போட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால், வளர்ந்த பெண் பேன் ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்தாறு ஈர் வைக்கத் தொடங்கும். செலவு, நேரம், பிள்ளையின் அழுகை எல்லாம் முதலிலிருந்து.

"அன்னைக்கே எல்லாம் செத்துப் போச்சே, எதுக்கு இன்னொரு தடவை?" வருடம் தவறாமல் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. செத்தது பேன். ஈர் அப்படியே இருக்கிறது. மருந்தோடு வரும் தாளிலும் இரண்டாம் தடவையைப் பற்றி எழுதியிருக்கும், அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவசரப்பட்டு மூன்றாம் நாளே போடுகிறவர்களும் உண்டு. அப்போது ஈர் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும், தோல்தான் எரியும்.

இப்போதெல்லாம் நான் வாயால் சொல்வதோடு விடுவதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தேதியை எழுதிக் கையில் கொடுக்கிறேன். வியாழன் போட்டால் அடுத்த வாரம் சனி. நடுவில் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஈர முடியில் சீவ வேண்டும், இரண்டாம் தடவைக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் பார்த்துவர வேண்டும். வேறு மருந்தென்றால் நாள் கணக்கும் மாறும், அந்தத் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

## கண்டிஷனர் தடவிய தலையில் மருந்து

கண்டிஷனர் தேடுவதற்கு மட்டும்தான். மருந்துக்கு முன்னால் போட்டால் மருந்து முடியில் பிடிக்காது.

## மண்ணெண்ணெய், பூச்சிக்கொல்லி

வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும், தோல் வெந்துபோகும், பூச்சிக்கொல்லி தோல் வழியாக உடம்புக்குள் போய்விடும்.

## மறுநாள் பேன் அசைந்ததும் அதே மருந்தை மறுபடி போடுவது

மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். ஒன்றிரண்டு பேன் தள்ளாடிக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சீவி எடுத்துவிட்டால் போதும். எல்லாம் முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அந்த மருந்துக்கு அந்தப் பேன்கள் பழகிப்போயிருக்கலாம். அதையே திரும்பப் போடாமல் மருத்துவரிடம் கேட்டு மருந்தை மாற்றுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பெர்மெத்ரின் போடக் கூடாது, கையாலும் சீப்பாலும்தான் எடுக்க வேண்டும். சொறிந்த இடத்தில் சீழ் வைத்திருந்தாலோ கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

## ஒரு தலையை மட்டும் பார்ப்பது

வீட்டில் உள்ள எல்லாத் தலையையும் அதே நாளில் பாருங்கள். உங்கள் தலையையும் சேர்த்துத்தான். பேன் கிடைத்த எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து.

## வீட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பது

தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் இரண்டு நாளுக்குள் செத்துவிடும். மருந்து போடுவதற்கு முந்தைய இரண்டு நாளில் தலை பட்ட தலையணை உறை, துண்டு, தொப்பியை வெந்நீரில் துவைத்து, சீப்புகளைச் சூடான நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் போதும். மெத்தைக்கு மருந்து அடிக்க வேண்டாம். அந்த நேரத்தில் இன்னொரு தடவை சீவுங்கள்.

## பிள்ளையைத் திட்டுவது

பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதம் கிடையாது. என் மகள் தினமும் தலை குளிக்கிறவள். திட்டினால் அடுத்த தடவை அரித்தாலும் சொல்லாது.

## பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது

பேன் அன்றைக்குத்தான் வந்தது என்பதில்லை, கண்டுபிடிக்கும்போது வந்து பல வாரம் ஆகியிருக்கும். சாயங்காலம் மருந்து போட்டு, காலையில் முடியை இறுக்கிப் பின்னி அனுப்புங்கள்.