பள்ளியில் மாணவர்களே உரம் தயாரிக்கலாம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பள்ளியில் மட்கு உரம் தயாரிக்க முன்வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் தொட்டியைத் தேடுகிறார்கள். சருகைச் சேர்த்து வைத்துவிட்டுத் தொட்டிக்கு வாருங்கள் என்றே நான் கேட்டுக்கொள்வேன். காய்கறித் தோலும் பழக்கழிவும் பள்ளி நடக்கும் நாளெல்லாம் தாமாக வந்து சேரும்; அவற்றை மூடுவதற்கான காய்ந்த இலைகளோ மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில்தான் மிகுதியாகக் கிடைக்கும். சருகு தீர்ந்த வாரத்தில் நாற்றம் எழும். நாற்றம் நீடித்தால், கிடைத்த அனுமதியும் நிலைக்காது.

முதல் படி, கழிவை அளப்பது. ஐந்து வேலை நாள்களுக்கு உணவுக்கூடக் கழிவை எடைபோட்டு, நாள்வாரியாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்குடன் தலைமையாசிரியரைச் சந்தித்தால், எவ்வளவு இடம் வேண்டும் என்பதை உங்களாலேயே விளக்க முடியும். சமையலறைப் பணியாளர்களிடமும் தூய்மைப் பணியாளர்களிடமும் அதற்கு முன்பே பேசிவிடுங்கள். அவர்களுடைய அன்றாட வேலைக்கு நடுவில்தான் உங்கள் வாளி நிற்கப்போகிறது. தொடக்கத்தில் இரண்டு வகுப்புகளின் கழிவை மட்டும் ஏற்பது நல்லது.

அடுத்து இடமும் தொட்டியும். தண்ணீர் தேங்காத, ஓரளவு நிழலுள்ள, வகுப்பறைச் சன்னல்களிலிருந்து விலகிய மண்தரையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1 மீட்டர் உள்ள மூன்று தொட்டிகள் போதும்: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று மட்கிக்கொண்டிருக்கும், மற்றொன்றில் உரம் முதிர்ந்துகொண்டிருக்கும். அளவு மிகவும் குறைந்தால் குவியல் தன் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்ளாது. எலிகள் நுழையாதபடி அடியிலும் பக்கங்களிலும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்களுள்ள கம்பிவலையைப் பொருத்துங்கள்.

இனி நிரப்புதல். அடியில் ஒரு சாண் உயரத்திற்குச் சுள்ளியும் சருகும் பரப்பி, அதன்மேல் சிறிதாக நறுக்கிய கழிவை இடுங்கள். கழிவு ஒரு வாளி என்றால் சருகு இரண்டு முதல் மூன்று வாளி இருக்க வேண்டும். மேலே எப்போதும் சருகே தெரிய வேண்டும். நுண்ணுயிர்கள் நன்கு இயங்குவதற்கு, தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு வரை இருப்பது ஏற்றது. ஈரமான கழிவில் தழைச்சத்து மிகுந்தும், சருகில் கரிமம் மிகுந்தும் இருப்பதால்தான் இந்த வாளிக் கணக்கு. இறைச்சி, மீன், பால்பொருள்கள், எண்ணெய் மிகுந்த உணவு ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். பழங்களின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய நெகிழி வில்லைகளையும் அகற்றுங்கள். அவை மட்குவதே இல்லை.

பராமரிப்பில்தான் மாணவர்களின் உண்மையான கல்வி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்தெடுத்த பஞ்சைப்போல ஈரமாக இருந்து, ஓரிரு துளிகளுக்கு மேல் சொட்டாமல் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறி, நீண்ட தண்டுள்ள வெப்பமானியை நடுவில் செருகி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்கு அமைந்த குவியல் 55 முதல் 65 பாகை செல்சியசு வரை சூடேறும். அந்தச் சூடு சில நாள்கள் நீடித்தால் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். சூடேறாத சிறிய குவியலும் மட்கும், ஆனால் கூடுதல் மாதங்கள் ஆகும். அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். கிளறிச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது. அதற்கும் சருகே மருந்து. ஒன்றுமே நடக்காமல் குவியல் உலர்ந்து கிடந்தால், தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். கிளறும்போது கையுறையும், தூசி பறக்கும் நாளில் முகக்கவசமும் அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குழுக்கள் வாரம்தோறும் முறைமாற வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் கீழ்வகுப்பு மாணவர் இருவராவது இருந்தால், மூத்தவர்கள் பள்ளியை விட்டுச் செல்லும்போது வேலை தடைப்படாது. நீண்ட விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே புதிய கழிவு இடுவதை நிறுத்தி, நன்கு கிளறி, சருகால் மூடிவிடுங்கள்.

மூன்று முதல் ஆறு மாதங்களில் குவியல் கருத்து, உதிரியாகி, மண்வாசனை வீசும். அதன்பின் ஒரு மாதம் முதிரவிட்டு, சலித்து, சிறிது மண்ணுடன் கலந்து, விரைவில் முளைக்கும் பத்து விதைகளை அதில் ஊன்றுங்கள். வெறும் மண்ணிலும் பத்து விதைகளை ஊன்றுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் முளைத்தால் உரம் தோட்டத்திற்குப் போகலாம். உரத்தில் குறைவாக முளைத்தால், மேலும் சில வாரங்கள் மூன்றாம் தொட்டியிலேயே இருக்கட்டும்.